கத்தி பட்டால் பரவுமா?

பெருங்களத்தூரில் எங்கள் தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் பதினொரு மாதம் எவரிடமும் மூச்சு விடவில்லை. பிறகு மருத்துவரிடம் போனவர், ஊசியால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதும் திரும்பி வந்துவிட்டார். "கத்தி பட்டா உடம்பெல்லாம் பரவிடுமாமே! நீ சயின்ஸ் படிக்கிற பொண்ணாச்சே, சொல்லும்மா" என்று என்னைக் கேட்டார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். உயிரணுவைப் படம் வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கிய நான், வாயடைத்து நின்றேன். அதன்பின் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன். (தலைப்பைச் சொன்னதும் சிரித்த நண்பர்கள் உண்டு. அவர்கள் வீட்டிலும் தாய்மார் இருக்கிறார்கள்.)

1889-இல் ஸ்டீபன் பேஜட் என்னும் ஆங்கிலேய மருத்துவர், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்தார். நோய் கல்லீரலில் அடிக்கடியும் மண்ணீரலில் அரிதாகவும் காணப்பட்டது. விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்றார் அவர்.

எல்லா விதையும் முளைப்பதில்லை என்பது 2003-இல் தெரிந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் புற்றுக்கட்டியின் உயிரணுக்களை வகை பிரித்து எலிகளுக்குச் செலுத்தினர். ஒரு வகையில் பல்லாயிரம் செலுத்தியும் கட்டி தோன்றவில்லை. இன்னொரு வகையில் நூறே போதுமாயிருந்தது! இவை குருத்தணுவைப் போன்றவை; தம்மையும் பெருக்கி, பிற வகைகளையும் ஈனுபவை.

இவை எப்படி உண்டாகின்றன? 2008-இல் ராபர்ட் வெயின்பர்க் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டியது. அதன் ஆசிரியர் வரிசையில் முதற்பெயர் செந்துறை மணி. நம் பக்கத்து ஊர்ப் பெயரல்லவா என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மார்பகக் குழல்களின் உட்சுவர் அணுக்கள், ஈ-கேடரின் என்னும் புரதத்தால் ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன. டி.ஜி.எப்.-பீட்டா என்னும் சைகைப் புரதம் அணுவின் மேற்பரப்பில் வந்து பொருந்தினால், செய்தி உட்கருவுக்குப் போகிறது. ஸ்நெயில், ட்விஸ்ட் முதலிய புரதங்கள் கிளம்பி ஈ-கேடரின் உற்பத்தியை அடக்குகின்றன. பிடி விட்ட அணு நீண்டு நகரத் தொடங்குகிறது. அப்படி மாறும் அணு குருத்தணுவின் குணங்களையும் பெறுகிறது என்பதே அவர்கள் கண்டது.

ஆகவே ஊசி முனையில் சில அணுக்கள் சிதறினாலும், அதனாலேயே நோய் வேர்விட்டுவிடாது. ஊசி படாத கட்டியும் உள்ளிருந்தே பரவுகிறது. அஞ்ச வேண்டியது காத்திருக்கும் மாதங்களைத்தான்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954-இல் 12 படுக்கைகளுடன் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, நமக்குக் கிண்டியில் இறங்கி பஸ் மாறும் தூரம். அச்சமும் வெட்கமும்தான் வழியை மறிக்கின்றன. நாமோ இவற்றை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்து விடைத்தாளில் கொட்டிவிட்டு மறந்துபோகிறோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் மரம் நடுகிறோம், நல்லதுதான். ஒரு மாலையாவது தெருத் திண்ணையில் அமர்ந்து, அத்தைமாருக்கு விளங்கும் தமிழில் இதைச் சொன்னால் என்ன?

நான் சொல்லிப் பார்த்தேன். அத்தை முழுவதும் கேட்டுவிட்டு, "அப்போ இத்தனை நாள் சும்மா இருந்ததுதான் தப்பா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறு திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவருடன் ரயில் ஏறினேன்.