லொக் புக்கில் எழுதாத மீன் யாருடைய மீன்?



“சூரை மீனுக்கு அளவு போடுறது வெள்ளைக்காரன்ட சூழ்ச்சி. கடல் அல்லாஹ்ட கடல், கிடைக்கிறதப் பிடிப்பம்.” எங்கட ஊர்ப் பக்கங்களில் இந்தப் பேச்சு திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அதற்கு லைக் போடுகிறவர்களில் போட் முதலாளிமாரும் இருக்கிறார்கள், என்னிடம் படித்துவிட்டு இன்று ஆழ்கடலுக்குப் போகும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதனால்தான் நீளமாக எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசிவரை வாசியுங்கள்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை. மறுபாதி எங்கட வயிற்றில் நாங்களே அடிப்பது.

உண்மையான பாதியை முதலில் சொல்கிறேன். இந்து சமுத்திரத்தில் கெலவல்லாவை அள்ளுவதில் முன்னுக்கு நிற்பவை ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டுக் கம்பனிகளின் பெரிய சுருக்குவலைக் கப்பல்கள். தாய்வான், ஜப்பான், சீனா லோங்லைன் கப்பல்கள் பல கிலோமீற்றர் நீளத் தூண்டிலை ஆயிரக்கணக்கான கொளுக்கிகளோடு போட்டு, மீனைக் கப்பலிலேயே உறைய வைத்து, மாதக் கணக்கில் கடலில் நிற்கின்றன. எங்கட பிள்ளைகள் ஐஸ் கரைவதற்குள் கரைக்கு ஓடி வருகிறார்கள். 2023 பெப்ரவரியில் மொம்பாசாவில் கூடிய இந்து சமுத்திர சூரை மீன் ஆணைக்குழு, மீன்களைச் சேர்ப்பதற்காகக் கடலில் மிதக்கவிடும் கருவிகளை வருடத்தில் 72 நாள் நிறுத்த வேண்டும் என்று தீர்மானித்தது. ஐரோப்பிய ஒன்றியம் ஆட்சேபித்தது. பிறகு வேறு நாடுகளும் ஆட்சேபிக்க, அந்தத் தீர்மானமே செல்லாமல் போனது. இதை அநியாயம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் அவன் அநியாயம் செய்கிறான் என்பதால் எங்கட கணக்கு சரியாகிவிடுமா?

அளவு எப்படிப் போடப்படுகிறது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? 2015 இல் கெலவல்லா அளவுக்கு மீறிப் பிடிக்கப்படுகிறது என்று விஞ்ஞானிகள் கணித்தார்கள். 2016 இல் ஆணைக்குழு முடிவெடுத்தது. லோங்லைனில் 2014 ஆம் ஆண்டு 5,000 தொன்னுக்கு மேல் கெலவல்லா பிடித்ததாகப் பதிவான நாடு, அந்த 2014 அளவிலிருந்து 10 வீதம் குறைக்க வேண்டும். அதேபோல் சுருக்குவலைக்கு 15 வீதம். பெரிய கண் கெலவல்லாவுக்கு 2024 க்கும் 2025 க்கும் முழுச் சமுத்திரத்துக்கும் வருடம் 80,583 தொன் என்று எல்லை போட்டார்கள்.

‘பதிவான’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அடிக்கணக்கு கடலில் பிடித்த மீன் அல்ல, தாளில் எழுதிய மீன். இப்போது ஆணைக்குழுவில் நடக்கும் பெரிய இழுபறியும் இதுதான். எந்த நாட்டுக்கு எவ்வளவு பங்கு? “பல காலமாக நாங்கள்தான் பிடித்தோம், இதோ கணக்கு” என்கிறார்கள் தூரத்து நாட்டுக்காரர்கள். “எங்கட கடலுக்குள் நீ பிடித்த மீன் எங்கட கணக்கில் வர வேண்டும்” என்கிறார்கள் கரையோர நாட்டுக்காரர்கள். ஜப்பான்காரன் பல தசாப்தக் கணக்கைக் கொண்டுவந்து மேசையில் வைப்பான். நாங்கள் எதை வைப்போம்? கடலில் ஒவ்வொரு நாளும் எழுத வேண்டிய லொக் புக்கைக் கரைக்கு வந்த பிறகு ஒரே பேனையால், ஒரே இருப்பில், மனதில் வந்த இலக்கங்களால் நிரப்பிய கொப்பியையா?

எழுதாத மீன் எங்கட பங்கில் சேராது. இன்று தப்பித்ததாக நினைக்கும் ஒவ்வொரு தொன்னும் நாளை எங்கட பிள்ளைகளின் ஹக்கிலிருந்து கழிக்கப்படும். சூழ்ச்சி என்று ஒன்று இருந்தால், அதற்கு இதைவிட நல்ல உதவி கிடையாது.

மறந்துவிட்டோமா? 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக்கு மஞ்சள் அட்டை காட்டியது. கண்காணிப்பு இல்லை, தண்டனைச் சட்டம் போதாது என்றது. நாங்கள் அசையவில்லை. 2015 ஜனவரியில் இலங்கை மீனுக்குக் கதவைச் சாத்தியது. 2013 இல் 74 மில்லியன் யூரோ பெறுமதிக்குப் போன சந்தை அது. 2016 நடுப்பகுதியில்தான் திறந்தது. அதுவும் சட்டத்தைத் திருத்தி, போட்டுகளுக்கு வி.எம்.எஸ். கருவி பூட்டி, லொக் புக்கை ஒழுங்குபடுத்திய பிறகு. அந்த ஒன்றரை வருடம் பிரசல்ஸில் எவனும் பட்டினி கிடக்கவில்லை.

“2024 கணிப்பில் கெலவல்லா தேறிவிட்டது, இனி எதுக்கு அளவு?” என்று கேட்கிறார்கள். தேறியது உண்மை. காய்ச்சல் விட்டதும் மருந்தை எறிகிறவன் திரும்பவும் படுக்கையில் விழுவான். அதோடு, வளம் தேறும்போதுதான் பங்குச் சண்டை சூடாகும். கணக்கில்லாதவன் வெளியே நிற்பான்.

கிழக்குக்கு இதில் ஒரு தனி நியாயம் இருக்கிறது. 2009 வரை யுத்தம். கடலுக்குப் போகத் தடை, நேரக் கட்டுப்பாடு. 2004 டிசம்பர் 26 இல் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் போட்டும் போனது, ஆளும் போனது. அந்த வருடங்களின் பிடியை வைத்துப் பங்கு போட்டால், எங்கட துன்பத்துக்கே தண்டம் அறவிடுவதாகும். கரையோர மக்களின் உரிமை, அவர்கள் இழந்த வருடங்கள், இரண்டையும் பங்கீட்டில் கணக்கெடு என்று இலங்கை அரசு அங்கே அடித்துப் பேச வேண்டும். அப்படிப் பேசுவதற்கு இன்றைய கணக்காவது சுத்தமாக இருக்க வேண்டும்.

காக்காமாரே, தம்பிமாரே, செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. பிடித்த அன்றே எழுதுங்கள். எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையிடம் அந்தப் பொறுப்பைக் கொடுங்கள். வி.எம்.எஸ். கருவியை நிறுத்திவிட்டு டியாகோ கார்சியாப் பக்கம் போகச் சொல்லும் முதலாளிக்கு, சிறைக்குப் போவது அவரல்ல என்று நினைவூட்டுங்கள். மீனவர் சங்கங்கள் ஒவ்வொரு பயணத்தின் கணக்கிலும் ஒரு பிரதியை வைத்திருக்கட்டும். கடற்றொழில் திணைக்களம் இறக்குதுறையில் மீனை நிறுத்துப் பதியட்டும், பதிந்ததை வருடா வருடம் தமிழில் எங்களுக்குக் காட்டட்டும். ஆணைக்குழுவுக்குப் போகும் தூதுக்குழுவில் கிழக்கின் மீனவர் ஒருவருக்கும் இடம் கேளுங்கள்.

கடல் அல்லாஹ்வுடையதுதான். அதனால்தான் அது எங்களிடம் அமானிதம். அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்கிறவர்களைப் பற்றி குர்ஆனில் ஒரு தனி சூறாவே இருக்கிறது. அது கடைத் தராசுக்கு மட்டும் என்று யார் சொன்னது? வரும் ஜும்ஆவில் கதீப்மார் இதையும் பேசட்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். ஏசுவதென்றாலும் ஏசுங்கள். அடுத்த பயணத்தில் மட்டும் லொக் புக்கை ஒழுங்காக எழுதிவிட்டு வந்து ஏசுங்கள்.