கேஸ் பேப்பரில் இடம்பெறாத வரி

மும்பையில் 'எம்.டி.' என்றும் 'மியாவ் மியாவ்' என்றும் புழங்கும் மெபெட்ரோன் 2015-ல் போதைப் பொருள் தடைச் சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஒரு சிக்கல் இன்னும் தீர்ந்தபாடில்லை. அடிமையானவரை அழைத்து வரும் குடும்பத்தார் பலரும், "கேஸ் பேப்பரில் மட்டும் அதை எழுதிவிடாதீர்கள்" என்று டாக்டரைக் கெஞ்சுகின்றனர். இரக்கப்படும் டாக்டர் 'மனச்சோர்வு' என்று எழுதி அனுப்பிவிடுவதும் உண்டு.

இந்த இரக்கம் ஆபத்தானது. குடியை நிறுத்தியவருக்குக் கை நடுங்கும், வியர்க்கும், பார்த்தவுடன் விளங்கிவிடும். மெபெட்ரோன், ஆம்பெட்டமின், கோகெய்ன் போன்ற ஊக்கப் பொருள்களை நிறுத்தியவரோ நாள் கணக்கில் தூங்குவார். எழுந்தால் அதிகம் சாப்பிடுவார். பேச்சற்று முடங்கிக் கிடப்பார். பையன் தேறிவிட்டான் என்று வீட்டார் நிம்மதி அடைவர். தற்கொலை எண்ணம் தலைதூக்கக்கூடிய நாட்களும் அவையே. பேப்பரில் பொருளின் பெயர் இல்லையேல், அடுத்த ஷிப்டில் வரும் டாக்டர் எதைக் கொண்டு எச்சரிக்கையாக இருப்பார்?

சிறுநீர்ச் சோதனை போதாதா என்றால், போதாது. வழக்கமான சோதனை மெபெட்ரோனைத் தவறவிடலாம். சில ஜலதோஷ மாத்திரைகளையே ஆம்பெட்டமின் என்று காட்டவும் செய்யலாம். சரியாகவே காட்டினாலும், சமீபத்தில் உட்கொண்டார் என்பதற்குத்தான் அது சாட்சி, அடிமை என்பதற்கல்ல. 2022-ல் அமலுக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் மூன்று அம்சங்களைக் கவனிக்கச் சொல்கிறது: கட்டுப்பாட்டை இழத்தல், வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கே முதலிடம் தருதல், உடல் பழகி அளவு கூடுதல் அல்லது நிறுத்தினால் அவதிப்படுதல். பொதுவாக ஓராண்டுக் காலத்தில் இவற்றில் இரண்டாவது தென்பட வேண்டும். இது கேட்டு எழுதப்பட வேண்டிய விஷயம். (பழைய பட்டியலில் காபியும் ஊக்கப் பொருள்களின் தலைப்பிலேயே இருந்தது; பில்டர் காபி அன்பர்களின் அதிர்ஷ்டம், இப்போது தனித் தலைப்பு!)

குடும்பத்தாரின் அச்சம் முற்றிலும் வீண் என்று சொல்ல முடியாது. போதைச் சிகிச்சைச் செலவை ஏற்காத மெடிக்ளெய்ம் பாலிசிகள் பல. ஆயினும் போலீசுக்குப் பயந்து மறைப்பதுதான் பெரிய தவறு. 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 64-ஏ பிரிவுப்படி, உட்கொண்டதற்காகவோ சிறிய அளவு சம்பந்தப்பட்ட குற்றத்துக்காகவோ வழக்கில் சிக்கிய அடிமை, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த நிலையத்தில் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால் அக்குற்றத்துக்கான வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம். 'மனச்சோர்வு' என்று எழுதிய பேப்பரைக் காட்டி கோர்ட்டில் என்ன கேட்பது?

ஆபீசுக்குக் கொடுக்கும் லீவு சர்டிபிகேட் வேறு, ஆஸ்பத்திரிக் குறிப்பு வேறு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் போதைப் பழக்கம் சார்ந்த மனநோயையும் உள்ளடக்கியது. அதன் 23-வது பிரிவு நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் கடமையைச் சிகிச்சை தருவோர் மீது சுமத்துகிறது. சர்டிபிகேட்டில் ஓய்வு தேவைப்படும் நாட்களை மட்டும் குறிப்பிடும்படி டாக்டரிடம் கேட்கலாம். கேஸ் பேப்பரில் மட்டும் உண்மை முழுதும் இருக்கட்டும்.