காரணம் கேட்கும் கல்வி வேண்டும்!

உயர்நிலைப் பள்ளியில் நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதக் கற்பிக்கிறார்கள். முன்னுரை உண்டு, முடிவுரை உண்டு, காரணம் உண்டா? ஆதாரம் உண்டா? மனப்பாடம் செய்ததை ஒப்புவித்தால் மதிப்பெண்! இதுவா கல்வி என்று கேட்கிறோம்.

வாதிடும் முறை தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் அதைத்தான் கற்பிக்கிறார். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். போலிக் காரணங்கள் எவையென்றும் அக்காதை வகுத்துரைக்கிறது.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-இல் அரசியல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். ஏட்டில் இருந்தால் போதுமா? வகுப்புக்கு வர வேண்டாமா?

இதனால் பயன் பெறுவோர் யார்? ஏழை வீட்டுப் பிள்ளைகளே! நாளை கூலி குறைந்தால், "இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி, இதோ சீட்டு" என்று எழுதிக் கேட்கத் தெரிந்தவனை ஏமாற்றுவது எளிதா? செல்பேசியில் வரும் வதந்தியைத்தான் அவன் அப்படியே நம்புவானா?

தேர்வில் ஒரு கேள்வியேனும் காரணம் காட்டி வாதிடச் சொல்லட்டும். மாணவர் எந்தப் பக்கம் நின்றாலும், காட்டிய ஆதாரத்துக்கே மதிப்பெண் தரட்டும்! தோழர்களே, பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று இதைக் கேளுங்கள்!