தனியே சொல்லப்படும் செபமாலை



ஞாயிறு காலை ஏழு மணிக்கு எமது ஆலயங்களில் திருப்பலிக்கான மணி ஒலிக்கும் அதே வேளையில், அதே வீதியில் இன்னொரு கூட்டமும் விரைகின்றது. முதுகில் புத்தகப் பையுடன் சைக்கிளில் வரும் மாணவர்கள் ஆலய வாசலைக் கடந்து ரியூஷன் கொட்டகைக்குள் நுழைகின்றனர். கடந்து செல்லும்போது சிலர் சிலுவை அடையாளம் வரைந்துகொள்வதும் உண்டு. அதைக் கண்டு மகிழ்வதா, வருந்துவதா என்று தெரியாமல் ஆலய முற்றத்தில் நின்ற நாட்கள் பல.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நான் பணியாற்றிய கரையோரப் பங்கு ஒன்றில், பீடப்பணியாளனாக இருந்த உயர்தர மாணவன் ஒருவன் பல வாரங்களாகத் திருப்பலிக்கு வரவில்லை. எனக்குச் சினம். ஒரு ஞாயிறு மறையுரையில், கடவுளுக்கு ஒரு மணிநேரம் ஒதுக்க முடியாத படிப்பு எதற்கு என்று கடுமையாகக் கேட்டேன். பெயர் சொல்லவில்லை, அந்தச் சிறிய ஊரில் பெயர் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அன்று மாலையே அவனுடைய தாயார் அறைவீட்டுக்கு வந்தார். சண்டை பிடிக்க வரவில்லை. “பாதர், இரசாயனவியல் வகுப்பு ஞாயிறு காலமைதான் இருக்கு. தேப்பன் கடலில படுற பாடு உங்களுக்குத் தெரியும். இவனும் கடலுக்குத்தான் போகவேணுமோ?” என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, வீட்டில் இரவுச் செபம் சொல்வதுண்டா என்று கேட்டேன். “அவன் எட்டரைக்கு வருவான். சாப்பிட்டுப்போட்டு நோட்ஸோட இருப்பான். தங்கச்சி போனோட இருப்பாள். அவர் தொழிலுக்குப் போகாத நாளில ரி.வி. பாப்பார். நான் தனிய இருந்து செபமாலை சொல்லுவன், பாதர்.”

நான் தவறான காரணத்துக்காகச் சினங்கொண்டிருந்தேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். முந்திய நாள் மாலைத் திருப்பலியில் பங்குகொண்டாலும் ஞாயிறு கடமை நிறைவேறும் என்று திருச்சபைச் சட்டம் கூறுகின்றது. அயற்பங்கில் சனிக்கிழமை மாலை திருப்பலி இருந்தது. அதைச் சொல்லிக்கொடுப்பதற்குப் பதிலாக நான் அவனைப் பீடத்திலிருந்து கண்டித்தேன். ஆனால் அந்த வீட்டில் காணாமற்போயிருந்தது ஞாயிறு காலை மட்டுமல்ல. நான்கு பேர் வாழும் வீட்டில் நால்வரும் ஒன்றாக இருக்கும் கால்மணி நேரமும் அங்கே இருக்கவில்லை.

படிப்பா, பக்தியா என்று நாம் விவாதித்துக்கொண்டிருக்கின்றோம். உண்மையில் இரண்டையுமே வீட்டைவிட்டு வெளியே அனுப்பிவிட்டோம். படிப்பை ரியூஷன் ஆசிரியரிடம் ஒப்படைத்தோம். விசுவாசத்தை மறைக்கல்வி ஆசிரியரிடம் ஒப்படைத்தோம். குடும்பத்தை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அழைத்தது. பிள்ளைகளின் முதன்மை ஆசிரியர்கள் பெற்றோரே என்று அதே சங்கம் அடுத்த ஆண்டில் எடுத்துரைத்தது. இன்று பெற்றோரின் பணி பிள்ளையை ஏற்றி இறக்குவதும் கட்டணம் செலுத்துவதுமாகச் சுருங்கிவிட்டது. குருக்களாகிய நாமும் குற்றமற்றவர்கள் அல்லர். மறைக்கல்விக்கும் பரீட்சை வைத்தோம். புள்ளியும் சான்றிதழும் வழங்கினோம். பாவம், பிள்ளைகள், இயேசுவையும் இன்னொரு பாடமாகவே பாடமாக்கினார்கள். பரீட்சை முடிந்ததும் மற்றப் பாடங்களை மறப்பதுபோல அவரையும் மறந்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை தொடங்கி உயர்தரம் வரை எமது பிள்ளைகள் இரவு பகலாகப் படிக்கின்றார்கள், ஆனால் வாசிப்பதில்லை. அவர்கள் கையில் இருப்பவை குறிப்புகளும் கடந்தகால வினாத்தாள்களுமே. ஒரு நூலை முதற்பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை விருப்போடு வாசித்த மாணவர்கள் எத்தனை பேர் என்று ஓர் இளைஞர் ஒன்றுகூடலில் கேட்டேன். கைகள் உயரவில்லை. சிலர் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இது தமிழாசிரியர்களின் கவலை மட்டுமன்று. எமது விசுவாசத்தின் கவலையுமாகும். விடைக்காக மட்டும் பக்கங்களைப் புரட்டிப் பழகிய கண்கள் நற்செய்தியிலும் விடையையே தேடும், கிடைக்காவிட்டால் மூடிவைக்கும். ஒரு பக்கத்தோடு அமைதியாக இருந்து, விளங்காத இடத்தில் நின்று, திரும்பவும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் செபத்திலும் அமைதியாக இருக்க வரும். திருத்தூதர் பணிகள் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி தேரில் அமர்ந்து எசாயாவின் நூலை வாசித்துக்கொண்டு போகிறார். அவருக்கு அது விளங்கவில்லை, ஆயினும் வாசிக்கிறார். அப்படி வாசித்துக்கொண்டிருந்தபடியாற்றான் பிலிப்பு ஏறி அருகில் அமர முடிந்தது. நூலையே விரிக்காதவரின் அருகில் அமர்ந்து பிலிப்பு எதை விளக்குவார்?

எமது முன்னோர் இதை அறிந்திருந்தனர். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானபின் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே இடம் இருக்கவில்லை. 1687இல் புனித யோசேப் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை விசுவாசத்தைக் காத்தவை வீடுகளே. அவருக்குப் பின் 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழையும் சிங்களத்தையும் கற்று, இரு மொழிகளிலும் நூல்களை எழுதினார். கைக்கெட்டும் தூரத்தில் குரு இல்லாத ஊர்களில் மூப்பரும் அண்ணாவியாருமே மக்களைக் கூட்டிச் செபங்களை நடத்தினார்கள். ரியூஷன் இல்லை, அச்சிட்ட புத்தகம் எளிதிற் கிடைக்காது, எழுத்தறிந்தவர் சிலரே. ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களின் வழிவந்தவர்களே எம்மிற் பலர்.

பிற்காலத்தில் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசரும் (1875 - 1947) தனிநாயகம் அடிகளும் (1913 - 1980) நூல்களோடு வாழ்ந்த குருக்களாக எமக்குக் கிடைத்தனர். அவர்களுக்கு விழா எடுக்கின்றோம். அவர்கள் எழுதிய நூல் ஒன்றாவது எம் வீட்டு அலுமாரியில் உண்டா என்பதை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம். என் அலுமாரியிலும் பிரிக்கப்படாத நூல்கள் சில உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாசரேத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேம் ஆலயத்தில் போதகர்கள் நடுவே அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்கிறார், கேள்விகளும் எழுப்புகிறார். பின்னர் பெற்றோருடன் நாசரேத்துக்குத் திரும்பி அவர்களுக்குப் பணிந்து நடக்கிறார். லூக்கா நற்செய்தியில் அதற்குப் பிறகு பல ஆண்டுகள் அமைதி. நான்காம் அதிகாரத்தில் அவர் தாம் வளர்ந்த ஊரின் தொழுகைக்கூடத்துக்குத் தம் வழக்கப்படி சென்று, கையில் தரப்பட்ட எசாயாவின் சுருளேட்டைப் பிரித்து, வேண்டிய பகுதியைக் கண்டெடுக்கிறார். அதிகார எண்ணும் வசன எண்ணும் இல்லாத நீண்ட தோற்சுருளில் ஒரு பகுதியைக் கண்டெடுப்பது பழகிய கைக்குத்தான் கூடும். அந்தப் பழக்கத்தில் தச்சுப்பட்டறையோடு கூடிய அந்த வீட்டுக்குப் பங்கில்லை என்று யாரால் சொல்ல முடியும்? திமொத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுலடியார் அவருடைய பாட்டி லோயியையும் தாய் யூனிக்கியையும் பெயர் சொல்லியே நினைவுகூருகிறார்.

ஞாயிறு முற்பகலை வகுப்புகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற கருத்தில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் அந்தச் சுமையைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுவது நீதியன்று. வகுப்பு நடத்தும் ஆசிரியர்களிற் பலர் கத்தோலிக்கர்கள். எமது பங்குச் சபைகளிலும் அமர்ந்திருப்பவர்கள். அவர்களோடு நாம் பேச வேண்டும். நேரத்தை ஒன்பதரைக்கு மாற்றினால் எந்த மாணவனும் பரீட்சையிற் சித்தியடையாமற் போகமாட்டான். பெற்றோர் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் மறுக்கும் ஆசிரியர் அரிது. தனியே கேட்க அஞ்சினால் பங்குத்தந்தையையும் அழைத்துச் செல்லுங்கள்.

வீட்டுக்குள் செய்யவேண்டியதோ இதைவிட எளிது, அதனாலேயே கடினமானதும்கூட. இரவுணவுக்குப் பின் தொலைக்காட்சியையும் தொலைபேசிகளையும் நிறுத்திக் கால்மணி நேரம். திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பு 1995 முதல் எம் கைகளில் உண்டு. பல வீடுகளில் அது திருமணத்தன்று பெற்ற பரிசாக, கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றது. மாற்கு நற்செய்தியில் பதினாறு அதிகாரங்களே உள்ளன. முழுவதையும் சத்தமாக வாசிக்க இரண்டு மணிநேரம்கூட ஆகாது. ஒவ்வோர் இரவும் ஒரு பகுதியாக, ஆளுக்கொரு நாள் முறைவைத்து வாசியுங்கள். எழுத்தறியாத அம்மம்மா இருந்தால் கேட்டுக்கொண்டிருக்கட்டும், கேள்வி கேட்கட்டும். விளக்கவுரை வேண்டாம், உபதேசமும் வேண்டாம். அந்தக் கால்மணி நேரத்தில் புள்ளிகளைப் பற்றிப் பேசுவதுமட்டும் கண்டிப்பாக வேண்டாம். நற்செய்தி முடிந்ததும் வேறு நல்ல நூலொன்றை எடுங்கள்; கதையாயினும் சரி, வரலாறாயினும் சரி.

அந்தத் தாயின் வீட்டுக்கு மறுவாரம் சென்று மன்னிப்புக் கேட்டேன். மகன் அந்த ஆண்டு முழுவதும் ஞாயிறு வகுப்புக்கே போனான். சனி மாலைகளில் அயற்பங்குத் திருப்பலிக்குச் சைக்கிளிற் சென்றுவந்தான். நான் சென்ற அன்றிரவு தகப்பனாரும் வீட்டில் இருந்தார். மாற்கு முதல் அதிகாரத்தை மகன் வாசித்தான். சீமோனும் அந்திரேயாவும் கடலில் வலை வீசும் இடம் வந்ததும் தகப்பனார், “கொஞ்சம் நில்லு தம்பி” என்றார். அது எந்த வகை வலையாக இருந்திருக்கும், கரையில் நின்று வீசினார்களா, வள்ளத்திலிருந்தா, செபதேயுவின் பிள்ளைகள் வள்ளத்துக்குள் இருந்து வலையைப் பழுதுபார்த்தது ஏன் என்றெல்லாம் அவர் கைகளை விரித்துக் காட்டிச் சொல்லிக்கொண்டே போனார். எட்டு ஆண்டுகள் குருமடத்தில் கற்ற எனக்கு அவற்றில் ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. மகள் தொலைபேசியை வைத்துவிட்டுத் தகப்பனாரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த வீட்டில் செபமாலை சொல்லத் தொடங்கும்போது மணி பத்தாகிவிட்டது.