மூலிகை என்ற முத்திரை போதுமா?

மூட்டுவலியும் வீக்கமும் உழைக்கும் மக்களை ஓயாது வாட்டும் நோய்கள். நாள் முழுதும் குனிந்து நாற்று நடும் பெண்ணும் செங்கல் சுமக்கும் கட்டுமானத் தொழிலாளியும் மருத்துவரைக் காண ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். ஆகவே அவர்கள் கடையில் எளிதில் கிடைக்கும் மூலிகைக் களிம்பை நாடுகின்றனர். அது மருந்தா, வெறும் விளம்பரமா என்று அறிந்துகொள்வது அவர்களின் உரிமை.

மூலிகைகளின் ஆற்றலைப் புறந்தள்ள வேண்டியதில்லை. மஞ்சளில் உள்ள குர்குமினும் சல்லகி மரப்பிசினில் உள்ள போஸ்வெலிக் அமிலங்களும் அழற்சியைத் தடுக்கும் தன்மையுடையவை என்பதை ஆய்வகங்கள் காட்டியுள்ளன. ஆனால் ஆய்வகக் குடுவையில் செயல்படும் பொருள் தோலைக் கடந்து மூட்டைச் சென்றடையும் என்பது உறுதியல்ல. குர்குமின் நீரில் எளிதில் கரையாது, ஒளியில் சிதையும். ஒரே மூலிகையிலும் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்பச் சத்தின் அளவு மாறும். எனவே சாற்றின் செறிவை நிலைப்படுத்துவதும் கன உலோகங்கள், நுண்ணுயிர்கள், தோல் எரிச்சல் ஆகியவற்றைச் சோதிப்பதும் முதற்படி. எலியின் பாதத்தில் வீக்கத்தை உண்டாக்கி டைக்ளோஃபினாக்குடன் ஒப்பிடும் சோதனை அடுத்த படி. அத்துடன் பணி முடிந்துவிடாது. தேய்த்துவிடுவதே வலியைச் சற்றுத் தணிக்கும். மெந்தாலின் குளிர்ச்சியும் அவ்வாறே. ஆகவே சாறு கலந்த களிம்பையும் கலவாத களிம்பையும், எது யாருக்கு என்பதை நோயாளியோ மருத்துவரோ அறியாதவாறு அளித்து ஒப்பிட்டால்தான் உண்மை புலப்படும்.

சட்டம் இவ்வளவையும் கோருவதில்லை. மருந்துகள் விதிகளின் 158-பி பிரிவின்படி, அங்கீகரிக்கப்பட்ட பழைய நூல்களில் கூறியவாறு, கூறிய நோய்க்கே செய்யப்படும் மருந்துக்குப் பயன்திறன் ஆய்வு தேவையில்லை. நிறுவனங்களின் சொந்தக் கலவைகளுக்கும் முன்னோட்ட ஆய்வே பெரும்பாலும் போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. இந்த இடைவெளியில் மோசடியும் நுழைகிறது. மூலிகை என்ற பெயரில் விற்கப்பட்ட களிம்புகளில் வலிமை மிக்க ஸ்டீராய்டுகள் மறைத்துக் கலக்கப்பட்டிருந்ததைப் பல நாடுகளின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கண்டறிந்துள்ளன. அவை அழற்சியை விரைந்து அடக்கும். நாளடைவில் தோலை மெலியச் செய்யும்.

ஒன்றிய அரசோ இருந்த வேலியையும் பிடுங்கியது. ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி கோரிய 170ஆம் விதி 2018இல் வந்தது. அதன்கீழ் நடவடிக்கை எடுக்க வேண்டாமென 2023 ஆகஸ்டில் ஆயுஷ் அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. 2024 ஜூலையில் விதியே நீக்கப்பட்டது. அந்த நீக்கத்துக்கு உச்ச நீதிமன்றம் விதித்த இடைக்காலத் தடையும் 2025 ஆகஸ்டில் வழக்கு முடிவுற்றபோது விலகியது. இதனால் பயனடைவோர் நோயாளிகள் அல்லர். விளம்பரத்துக்குக் கோடிகளைக் கொட்டும் நிறுவனங்களே.

மூலிகை அறிவு யாருடையது என்ற கேள்வியும் இதனுடன் பிணைந்தது. மஞ்சளால் புண்ணை ஆற்றுவதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட காப்புரிமையை எதிர்த்து, 1997இல் அதை ரத்துசெய்ய வைத்தது பொதுத்துறை ஆய்வு அமைப்பான சிஎஸ்ஐஆர். உள்நாட்டு நிறுவனங்களும் ஆதாயத்தைப் பகிர வேண்டுமென திவ்யா ஃபார்மசி வழக்கில் 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் 2023ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத் திருத்தம், நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு விலக்களித்து அக்கடமையை நீர்த்துப்போகச் செய்தது. பாரம்பரியத்தின் பெருமை மேடைக்கு, இலாபம் முதலாளிக்கு, மூலிகை சேகரிக்கும் ஆதிவாசிக்கு அற்பக் கூலி.

மரபறிவை மதிப்பது என்பது அதைச் சோதித்து மெய்ப்பிப்பதே. பொது நிதியில் மருத்துவ ஆய்வுகள் நடத்தப்பட வேண்டும்; முடிவுகள், சாதகமாயினும் பாதகமாயினும், இந்திய மொழிகளில் வெளியிடப்பட வேண்டும். விளம்பர முன்அனுமதி மீண்டும் சட்டமாக வேண்டும். சேகரிப்போரின் பங்கு உறுதிசெய்யப்பட வேண்டும். உழைப்பாளியின் வலி எவருக்கும் வணிகச் சரக்காகக் கூடாது.