முதுமைக்கு ஒரு துணை, பெண்களுக்கு ஒரு தொழில்
(பத்தாம் வகுப்பு மாணவி)



முதியோருக்கு உதவுவது புண்ணியம் என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். அது கூலி பெறத்தக்க தொழில் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே நானே சொல்கிறேன்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கிப் பக்கம் சென்று பாருங்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ இருப்பார்கள். அவர்கள் கட்டிய மாடி வீட்டில் வயதான தாயும் தந்தையும் மட்டும் இருப்பார்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் காலை மாத்திரை எது, இரவு மாத்திரை எது என்று எடுத்துத் தர ஒருவர் வேண்டாமா? தண்ணீர் பிடிக்க, கஞ்சி காய்ச்ச, வங்கிக்கு அழைத்துப் போக யார் இருக்கிறார்கள்? மருமகள் இருந்தால் அவள். இல்லாவிட்டால், “பாட்டியைப் பார்க்க ஆளில்லை, நீ இன்று பள்ளிக்குப் போகாதே” என்று நம்மில் ஒருத்தி! அண்ணனிடம் அப்படி யாரும் சொல்வதில்லை.

“பெற்றவர்களைக் கூலிக்கு ஆள் வைத்துப் பார்ப்பதா? ஊர் என்ன சொல்லும்?” என்று பெரியவர்கள் வினவலாம். செவிலியர் சம்பளம் வாங்குவதால் அவர்களது அன்பு பொய்யாகி விடுமா? கேரளத்தில் 1998இல் தோன்றிய குடும்பஸ்ரீ அமைப்பு, ‘ஹர்ஷம்’ என்ற பெயரில் பெண்களுக்கு முதியோர் பராமரிப்பில் பயிற்சி அளித்து, அதை வருமானம் தரும் தொழிலாகவே ஆக்கியிருக்கிறது.

இங்கே மகளிர் சுய உதவிக் குழுவில் ஐந்து பேர் சேர்ந்தால் போதும். முதலீடு ஒரு மிதிவண்டியும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அளித்த ஊக்கத்தால் நம் மாவட்டப் பெண்கள் ஆயிரமாயிரமாய் மிதிவண்டி கற்றார்கள் அல்லவா? நோட்டில் மாத்திரை நேரம், மருத்துவரின் எண், பிள்ளைகளின் எண் ஆகியவற்றை எழுத வேண்டும். ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுவது நம் வேலையன்று. நகை, பணம் இருக்கும் வீடுகளில் சந்தேகம் வருவது இயல்பு. முதல் மாதம் இருவராகச் செல்வதே நல்லது.

மணிக்கு 60 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு நான்கு வீடு, மாதம் 25 நாள் என்றால் 6,000 ரூபாய் கிடைக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுக்கான 1,500 ரூபாய் பெரிதல்ல. ஆனால் பிள்ளைகளே இல்லாத பாட்டி என்ன செய்வார்? 2023இல் உயர்த்தப்பட்டபோதும் முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்தான் ஆனது. அவருக்கான கூலியை ஊராட்சி தர வேண்டும் என்பது என் கருத்து. மே முதல் நாள் கிராம சபை கூடும்போது, தாய்மார்களே, எழுந்து கேட்டுப் பாருங்கள்.