சித்திரகுப்தன் ஏட்டில் ஏறாத பெயர்கள்

எமனுக்குத் தமிழில் 'சமன்' என்றும் ஒரு பெயர் உண்டு. ஆண்டி, அரசன் என்று பார்க்காமல் எல்லோரையும் சமமாக நடத்துபவன் என்று அதற்கு விளக்கம் சொல்கிறார்கள். 'சாவுக்கு ஏது சாதி?' என்று துக்க வீட்டில் ஆறுதலாகப் பேசுவதும் இதைத்தான். சாதியால் செத்தவர்களும் சாவைச் சுமந்தவர்களும் இந்த ஆறுதலை ஏற்க முடியுமா?

முதலில் புராணங்களையே எடுத்துக்கொள்வோம். கடோபநிடதத்தில் நசிகேதன் என்ற பார்ப்பனச் சிறுவன் எமன் வீட்டில் மூன்று இரவு பட்டினி கிடக்கிறான். திரும்பி வந்த எமன் பதறிப்போய், பார்ப்பன விருந்தாளியைப் பட்டினி போட்டதற்குப் பரிகாரமாக மூன்று வரம் தருகிறான். இராமாயண உத்தர காண்டத்தில் இன்னொரு பார்ப்பனச் சிறுவன் அகாலமாகச் சாகிறான். சம்பூகன் என்ற சூத்திரன் தவம் செய்ததுதான் காரணமாம். இராமன் சம்பூகனின் தலையை வெட்டியதும் சிறுவன் உயிர் பெறுகிறான். மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனையே உதைத்த தலம் என்று திருக்கடையூரில் இன்றும் அறுபதாம் கல்யாணம் நடக்கிறது. சம்பூகனுக்காக எந்தக் கடவுளும் காலைத் தூக்கவில்லை.

கதையில் எமதூதர்கள் பாசக்கயிற்றோடு வருவார்கள். ஊரில் சாவைச் சுமந்து செல்லும் தூதரைச் சாதிதான் நியமித்தது. ஊர்த்தெருவில் ஒருவர் இறந்தால் கேதம் சொல்லவும், பறையடிக்கவும், குழி வெட்டவும் சேரியிலிருந்துதான் ஆள் போக வேண்டும். இறப்புச் செய்தியை எவ்வளவு தூரமானாலும் உறவினர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தீண்டப்படாதோர் மீது சுமத்தப்பட்ட கடமைகளில் ஒன்றாக அம்பேத்கர் எழுதியிருக்கிறார். போடி மலையடிவாரத்தில் எங்கள் தாத்தா அப்படி நடந்தவர். இராத்திரியோடு இராத்திரியாகப் போய், வாசலை மிதிக்காமல் தெருவில் நின்றே சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டும். அவர் தலை தெரிந்தாலே தெருவில் பேச்சு அடங்கிவிடும் என்பார் பாட்டி. அவர் இறந்தபோது அந்தத் தெருக்களிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சமன் எங்கே இருந்தான்?

சினிமா எமனைக் கோமாளியாக்கியது. 'யமனுக்கு யமன்' (1980), 'அதிசயப் பிறவி' (1990), 'லக்கி மேன்' (1995), 'தர்ம பிரபு' (2019) என்று பட்டியல் நீளும். 'லக்கி மேன்' படத்தில் கவுண்டமணி எமன், செந்தில் சித்திரகுப்தன். மேலுலகத்து ஏடு தவறிப் பூமியில் விழுந்து நாயகன் கைக்குக் கிடைக்கும். கடவுளின் அலுவலகத்தைச் சந்தி சிரிக்க வைத்த வகையில் இந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் எமலோகக் கணக்குப் பிழை கதாநாயகனுக்கு மட்டும்தான் லாபமாக முடிகிறது. கணக்கிலேயே வராதவர்களுக்கு எந்தப் படத்திலும் இடமில்லை. கறுப்புத் தோல், பெருத்த உடம்பு, எருமை என்றால் ஒன்று பயப்பட வேண்டும், இல்லையென்றால் சிரிக்க வேண்டும் என்ற பழக்கத்தையும் இவை மாற்றவில்லை.

தேனியிலிருந்து போடி வரும் சாலையில் கோடாங்கிபட்டியில் அந்தக் கணக்கருக்கே கோயில் இருக்கிறது. சித்திரபுத்திர நாயனார் என்று பெயர். அதே வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து ஏலக்காய் பறிக்கும் காலத்தில் விடியும் முன்பே பெண்கள் ஜீப்பில் அடைந்து போடிமெட்டு ஏறுகிறார்கள். அவர்களில் தலித் பெண்கள் ஏராளம். தோட்டம் ஒருவருடையது, ஜீப் இன்னொருவருடையது, ஆள் கூப்பிடுபவர் மூன்றாமவர். வேலை தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம். வளைவில் ஜீப் கவிழ்ந்தால் முதலாளி யார் என்பதே கேள்வியாகிவிடும். 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டத்துக்குள் ஏலம் வந்ததே 1981 திருத்தத்தில்தான். அதற்கும் 5 ஹெக்டேர், 15 தொழிலாளர் என்று வரம்பு வைத்தார்கள். சிறு தோட்டங்களில் கூலிக்குப் போகிறவர்கள் அந்த வரம்புக்கு வெளியே நின்றார்கள்.

கணக்கில் ஏறிய சாவுக்கும் ஒரே விலை இல்லை. போடிமெட்டைத் தாண்டி, மூணாறுக்கு அப்பால் இருக்கும் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து 70 பேர் லயங்களோடு புதைந்தார்கள். அவர்கள் தேயிலைத் தோட்டத் தமிழர்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்குக் கேரள அரசு 10 இலட்சம் அறிவித்தது. பெட்டிமுடிக்கு 5 இலட்சம். விமானப் பயணிகளுக்குக் கொடுத்ததைக் குறை சொல்லவில்லை. லயத்து உயிருக்கு ஏன் பாதி விலை என்றுதான் கேட்கிறோம்.

மேலுலக ஏட்டை நம்பியவரை நம்பச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது கீழுலக ஏடு. போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் மலையேறும் ஒவ்வொரு ஜீப்பிலும் இருப்பவர் பெயர், போகும் தோட்டம், கூட்டிப் போகிறவர் பெயர் அன்றன்றே பதிவாக வேண்டும். ஒரு நாள் கூலியானாலும் காப்பீடு வேண்டும். விபத்தானால் யார் பொறுப்பு என்பதை இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து எழுத்தில் சொல்ல வேண்டும். தோட்டம் சிறியது என்ற சாக்கை இனி யாரும் சொல்லக் கூடாது.

கேதம் சொல்ல மாட்டோம், பறையடிக்க மாட்டோம் என்று மறுத்த ஊர்களில் நம் மக்கள் அடி வாங்கினார்கள், ஆனாலும் மறுத்தார்கள். சாதி தந்த அந்த வேலையைத் தூக்கி எறிந்தவர்களின் பேத்திகள்தான் இன்று மலையேறுகிறார்கள். மாலையில் அத்தனை பேரும் திரும்பி வந்தார்களா என்று கணக்குப் பார்ப்பது அரசின் வேலை. பார்க்க வைப்பது நம் வேலை.